யாரும் கேட்காத விசா: வியன்னாவிலிருந்து ஷாங்காய் வரை

முதல் நாள், வியன்னா

காலையில் விமானம் இறங்கும்போது நல்ல மழை. அண்ணன் மகள் வெளியே காத்திருந்தாள். இங்கே படிக்க வந்து இரண்டு வருடம் ஆகிறது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அத்தை, இந்த ஸ்வெட்டரை நம்பியா வந்தீங்க?" கையோடு ஒரு கோட்டு கொண்டு வந்திருந்தாள். போட்டுக்கொண்டதும் உயிர் வந்தது.

இந்தப் பயணம் எதற்கு என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். திருச்சியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் விசா மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். துபாய், மஸ்கட், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று எத்தனையோ ஆயிரம் பாஸ்போர்ட்டுகள் என் கைவழியே போயிருக்கின்றன. "விசா அடிச்சு வந்துடுச்சா அக்கா?" என்ற கேள்வியைத் தினம் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். வந்துவிட்டது என்று சொன்னதும் அந்த முகத்தில் வரும் மாற்றம் எனக்கு மனப்பாடம். வரவில்லை என்று சொன்னால் வரும் மாற்றமும்தான்.

அந்த மேசையில் இருந்த காலத்தில்தான் ஹோ ஃபெங்-ஷான் என்ற பெயர் ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாக எனக்குக் கிடைத்தது. 1938இல் இந்த ஊரில் சீனாவின் தூதரக அதிகாரியாக இருந்தவர். பிறகு எகிப்து, மெக்சிகோ, பொலிவியா, கொலம்பியா நாடுகளில் தூதராக இருந்தவர். ஹிட்லரின் ஆட்கள் வியன்னாவைப் பிடித்தபோது, தப்பிக்க வழியில்லாமல் நின்ற யூதர்களுக்கு ஆயிரக்கணக்கில் ஷாங்காய் விசா எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி நிறுத்தச் சொன்ன பிறகும் கொடுத்தார். ஓய்வு பெற்றதும் அவர் இருந்த அலுவலகத்தைப் பார்க்க வேண்டும், அந்த விசாக்கள் போய்ச் சேர்ந்த ஊரையும் பார்க்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வியன்னாவில் நான்கு நாள், ஷாங்காயில் மூன்று நாள்.

சாயங்காலம் மழை விட்டதும் கொஞ்ச தூரம் நடந்தோம். தெருமுனையில் ஒருவர் கரி அடுப்பில் கஷ்கொட்டை சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். காகிதப் பொட்டலத்தில் பத்துக் கொட்டை. சுட்ட பனங்கிழங்குக்கு உறவு போல ஒரு ருசி. பயண அசதி, சீக்கிரம் தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், வியன்னா

இன்று முழுக்க நடைதான். முதலில் ஹெல்டன்பிளாட்ஸ். அரண்மனைக்கு முன்னால் பரந்து கிடக்கும் மைதானம். 1938 மார்ச் 12 அன்று ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. 15ஆம் தேதி இந்த அரண்மனையின் மாடத்தில் ஹிட்லர் வந்து நின்று, ஆஸ்திரியா இனி ஜெர்மனியின் பகுதி என்று அறிவித்தார். சுமார் இரண்டு லட்சம் பேர் கூடி ஆரவாரம் செய்தார்கள். படங்களில் பார்த்தால் குதிரைச் சிலையின் பீடத்தின் மேல்கூட ஆட்கள் தொற்றிக்கொண்டு நிற்கிறார்கள். இன்று அந்தப் பீடத்துக்குக் கீழே பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தின் முன்னால் இருக்கும் சதுக்கத்துக்குப் போனோம். தரையோடு தரையாக ஒரு வெண்கல உருவம் இருக்கிறது. தாடி வைத்த ஒரு மனிதர் நான்கு கால் பிராணி போல மண்டியிட்டுக் கிடக்கிறார், கையில் ஒரு பிரஷ். முதல் பார்வைக்குக் கல்லா மனிதரா என்றே தெரியவில்லை. ஹிட்லர் வந்த அந்த வாரத்தில் யூதர்களை வீட்டிலிருந்து இழுத்து வந்து தெருவைத் தேய்க்க வைத்தார்கள். பேராசிரியர், டாக்டர், கிழவி என்று பார்க்கவில்லை. சுற்றி நின்று சிரித்தவர்கள் நேற்று வரை அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அண்ணன் மகள் தினமும் இந்த வழியாகத்தான் கல்லூரிக்குப் போவாளாம். "கூட்டமா இருந்தா பல பேர் இதைக் கவனிக்கிறதே இல்ல அத்தை" என்றாள். நான் குனிந்து அந்த வெண்கலக் கையைப் பார்த்தேன். பிரஷைப் பிடித்த விரல்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன.

அப்போது வியன்னாவில் இருந்த யூதர்கள் 1,70,000 அளவில். வேலை போனது, கடை போனது, வீடு போனது. ஆண்களைப் பிடித்து டாக்காவ் என்ற நாஜி வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அந்த நேரத்தில் நாஜிகள் விரும்பியது, யூதர்கள் சொத்தை விட்டுவிட்டு நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்பது. போகத் தயாராகத்தான் எல்லாரும் இருந்தார்கள். ஆனால் போவதற்கு இன்னொரு நாடு வாங்கிக்கொள்ள வேண்டும் அல்லவா? ஜூலையில் பிரான்ஸின் எவியானில் 32 நாடுகள் கூடிப் பேசின. அனுதாபம் தெரிவித்தார்கள். டொமினிக்கன் குடியரசு ஒன்றுதான் பெரிய அளவில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னது. மற்றவர்கள் கதவைப் பழையபடியே வைத்துக்கொண்டார்கள்.

மதியம் பீத்தோவன்பிளாட்ஸ். நடுவில் பீத்தோவன் உட்கார்ந்திருக்கும் பெரிய சிலை, ஒரு பக்கம் கோட்டை மாதிரி ஒரு பழைய பள்ளிக்கூடம். மூன்றாம் எண் கட்டடத்தில்தான் அப்போது சீனத் தூதரகம் இருந்தது. இப்போது அது ஒரு பெரிய ஹோட்டலோடு சேர்ந்த இடம். 2015இல் ஹோவின் நினைவாக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் சும்மா நின்றேன். ஹோட்டல் ஊழியர் ஒருவர் நாங்கள் வழி தெரியாமல் நிற்கிறோம் என்று நினைத்து உதவிக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் எங்களோடு நின்றார்.

ஹோ யார் என்று கொஞ்சம் சொல்கிறேன். ஹூனான் மாகாணத்தின் யியாங் ஊரில் 1901 செப்டம்பர் 10 அன்று பிறந்தவர். ஏழு வயதில் அப்பா இறந்துவிட்டார். ஏழ்மையான குடும்பம். நார்வே நாட்டு லூத்தரன் மிஷனரிகள்தான் கைகொடுத்துப் படிக்க வைத்தார்கள். அப்புறம் சாங்ஷாவில் யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நடத்திய கல்லூரி, அப்புறம் ஜெர்மனியின் மியூனிக். 1932இல் அங்கே அரசியல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1935இல் வெளியுறவுத் துறையில் சேர்ந்தார், முதல் பணி துருக்கியில். 1937இல் வியன்னாவுக்கு முதல் செயலாளராக வந்தார். ஜெர்மன் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. சீனப் பண்பாடு பற்றி வியன்னாக்காரர்களிடமே ஜெர்மனில் சொற்பொழிவு செய்வாராம். அதனால் ஊரில் நிறைய நண்பர்கள், அவர்களில் யூதர்களும் பலர்.

ஆஸ்திரியா ஜெர்மனியோடு சேர்ந்ததும் வியன்னாவில் தூதரகத்துக்கு வேலை இல்லாமல் போனது. அதைத் துணைத் தூதரகமாகக் குறைத்தார்கள். 1938 மே மாதம் ஹோ அதன் தலைவர், கான்சல் ஜெனரல். அவருக்கு மேலே பெர்லினில் சென் ஜியே என்ற தூதர்.

மூன்றாம் நாள், வியன்னா

இன்று எழுத நிறைய இருக்கிறது. என் தொழில் சம்பந்தப்பட்ட நாள்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, ஒரு விசாவுக்கு இரண்டு வேலை உண்டு என்பதுதான். போகிற நாட்டில் உள்ளே விடுவது ஒன்று. இருக்கிற நாட்டிலிருந்து வெளியே விடுவது இன்னொன்று. முதலாவதை மட்டும்தான் எல்லாரும் நினைப்பார்கள். நம் ஊரில் பத்தாவது முடிக்காமல் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களைக் கேளுங்கள். விசா கையில் இருந்தாலும் எமிக்ரேஷன் கிளியரன்ஸ் இல்லாமல் சென்னை விமான நிலையத்தைத் தாண்ட முடியாது.

1938இல் ஷாங்காய்க்குப் போக யாருக்கும் விசா தேவைப்படவில்லை. 1937 நவம்பரில் ஜப்பான் படை அந்த ஊரைப் பிடித்துவிட்டது. சீன அரசாங்கம் உள்நாட்டுக்குப் பின்வாங்கிவிட்டது. நகரத்தின் இன்னொரு பகுதி வெளிநாட்டார் நிர்வாகத்தில். துறைமுகத்தில் பாஸ்போர்ட்டைக் கேட்க ஆளே இல்லை. கப்பலை விட்டு இறங்கினால் இறங்கினதுதான்.

அப்படியானால் விசா எதற்கு? வியன்னாவை விட்டு வெளியேறுவதற்கு. இன்ன நாட்டுக்குக் குடிபெயர்கிறேன் என்று தாளில் காட்டினால்தான் மற்ற தாள்கள் கிடைக்கும். வரி பாக்கி இல்லை என்ற சான்று, இத்தாலி வழியாகக் கடந்து போக அனுமதி, கப்பல் டிக்கெட், எல்லாமே அதன் பின்னால்தான். டாக்காவ் முகாமில் இருந்தவர்களைக்கூட, உடனே நாட்டை விட்டுப் போவார்கள் என்று ஆதாரம் காட்டினால் விடுதலை செய்தார்கள். அந்த ஆதாரம் ஒரு விசா. ஷாங்காய் கேட்காத விசாவை வியன்னா கேட்டது.

இதை ஹோ நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். தன் விசாவைக் காட்டி வெளியேறுகிறவர் ஷாங்காய்க்குத்தான் போவார் என்றில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அதைக் காட்டிக் கிளம்பி அமெரிக்கா, பாலஸ்தீனம், பிலிப்பைன்ஸ் என்று போனவர்கள் உண்டு. எங்கே போனாலும் சரி, உயிரோடு போகட்டும் என்று எழுதிக் கொடுத்தார். விண்ணப்பத்தை நிராகரிக்க நூறு காரணம் கண்டுபிடிக்கும் அதிகாரிகளை என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். கொடுப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்த இந்த மனிதரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பதினேழு வயதுப் பையன் ஒருவனின் கதை பதிவாகியிருக்கிறது. ஐம்பது தூதரகம் ஏறி இறங்கினான். எல்லா இடத்திலும் இல்லை என்றார்கள். ஜூலை 20 அன்று சீன அலுவலகத்துக்கு வந்தான். அவனுக்கும் சொந்தக்காரர்களுக்குமாக இருபது விசா கையில் கிடைத்தது. நவம்பரில் யூதர் கடைகளையும் கோவில்களையும் அடித்து நொறுக்கிய அந்த இரவில் அவனையும் அப்பாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பல் டிக்கெட் இருந்ததால் சில நாளில் விட்டுவிட்டார்கள். குடும்பம் ஷாங்காய்க்குப் போய்ப் பிழைத்தது.

எத்தனை விசா? மொத்தக் கணக்கு இல்லை. பிழைத்தவர்களின் பாஸ்போர்ட்டுகளில் இருக்கும் வரிசை எண்ணை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். 1938 ஜூனில் 200ஐத் தொட்ட எண், அக்டோபர் 27 அன்று 1906. நாலைந்து மாதத்தில் 1,700 விசா! விடுமுறை நாளைக் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கையெழுத்து, தேதி, முத்திரை. கோடை சீசனில் எங்கள் மேசையில் ஐந்து பேர் சேர்ந்து செய்யும் வேலைக்குச் சமம் இது. எங்களுக்குக் கெஸ்டபோ என்ற நாஜி ரகசியப் போலீஸின் பயமும் கிடையாது.

பெர்லினில் இருந்த தூதர் சென் ஜியேக்கு இது பிடிக்கவில்லை. ஜப்பானோடு போரில் இருந்த சீனாவுக்கு ஜெர்மனியின் நட்பு தேவை, ஆயுதம் தேவை. ஹிட்லரை எரிச்சல்படுத்தக் கூடாது என்பது அவர் கணக்கு. தொலைபேசியில் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். வெளியுறவுத் துறையின் கொள்கை தாராளமாகக் கொடுக்கச் சொல்கிறதே என்று ஹோ பதில் சொன்னார். ஹோ காசுக்கு விசா விற்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. விசாரிக்க ஆள் அனுப்பினார் தூதர். வந்தவர் தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் பிறகும் 1939இல் ஹோவின் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. அரசு உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது ஆளை ஓய்வு பெறும் வரை துரத்தும்.

இதற்கு நடுவில் பீத்தோவன்பிளாட்ஸ் கட்டடத்தையும் நாஜிகள் பறித்துக்கொண்டார்கள், கட்டடத்தின் உரிமையாளர் யூதர் என்று காரணம் சொல்லி. வேறு இடம் பிடிக்க மேலிடத்தில் பணம் கேட்டார் ஹோ. தரவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு ஜொஹன்னஸ்காஸ்ஸ 22ஆம் எண்ணில் சிறிய இடம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அங்கே உட்கார்ந்து தொடர்ந்து விசா எழுதினார்.

காலையில் அந்தத் தெருவுக்குத்தான் முதலில் போனோம். பூங்கா ரயில் நிலையத்திலிருந்து மூன்று நிமிட நடை. குறுகலான தெரு, இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள். தெருவின் அந்தக் கோடியில் இசைக் கல்லூரி இருப்பதால் வயலின் பெட்டியோடு பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். வரிசை எந்தப் பக்கமாக நின்றிருக்கும் என்று பார்த்தேன். விசா வரிசை எப்போதும் சுவர் ஓரமாகத்தான் போகும், சாய்ந்துகொள்ள வசதியாக. இங்கே நின்றவர்கள் சாய்ந்திருப்பார்களா? வரிசையில் நின்றவர்களை இழுத்துக்கொண்டு போன காலம் அது.

அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் நடந்து போகும் தூரத்தில் பிரின்ஸ் ஆய்கன் தெரு. 1938 ஆகஸ்டில் அங்கிருந்த ராத்ஷீல்டு மாளிகையைப் பறித்து அடால்ஃப் ஐக்மன் என்ற நாஜி அதிகாரி ஒரு அலுவலகம் திறந்தார். யூதர் குடிபெயர்வுக்கான மைய அலுவலகம் என்று பெயர். மேசை மேசையாக நகர வேண்டும். முதல் மேசையில் நுழையும்போது வீடு, கடை, வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். கடைசி மேசையைத் தாண்டும்போது கையில் ஒரு பாஸ்போர்ட்டும், இந்தத் தேதிக்குள் போய்விட வேண்டும் என்ற உத்தரவும் மட்டும். மாளிகை இப்போது இல்லை, தொழிலாளர் மன்றத்தின் கட்டடம் நிற்கிறது. அதே ஊர், அதே வருடம், அதே மாதிரி மேசை, முத்திரை, மை. இரண்டு அலுவலகத்தையும் ஒரே காலையில் பார்த்தது எனக்குத் தாங்கவில்லை. மதியம் சாப்பிடாமல் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

நான்காம் நாள், வியன்னா

யூடன்பிளாட்ஸ் சதுக்கம். 2000இல் திறந்த நினைவுச் சின்னம் ஒன்று நடுவில் நிற்கிறது. கான்கிரீட்டில் செய்த ஒரு நூலகம். புத்தகங்களின் முதுகு உள்பக்கம், தாள் விளிம்பு வெளிப்பக்கம், அதனால் எந்தப் புத்தகம் என்று தெரியாது. கதவு இருக்கிறது, கைப்பிடி இல்லை. கொல்லப்பட்ட ஆஸ்திரிய யூதர்கள் 65,000 பேருக்கானது.

மதியம் ஊருக்குள்ளே இருக்கும் யூதக் கோவிலுக்குப் போனோம். பாஸ்போர்ட் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். 1938 நவம்பரில் எரியாமல் தப்பிய ஒரே பெரிய கோவில். காரணம், வீடுகளோடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். கொளுத்தினால் மற்ற வீடுகளும் பற்றிக்கொள்ளும்.

அந்த நவம்பர் நாளில் ஹோ தன் நண்பர் ரோசன்பெர்க் வீட்டுக்குப் போனதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ரோசன்பெர்க் குடும்பத்துக்கு ஏற்கனவே விசா கொடுத்திருந்தார், வழியனுப்பத்தான் போனார். சாதாரண உடையில் கெஸ்டபோ ஆட்கள் உள்ளே வந்து நீ யார் என்று கேட்டார்கள். ஹோ பதில் சொல்லவில்லை, முதலில் நீங்கள் யார் என்றார். துப்பாக்கி அவர் பக்கம் திரும்பியது. அசையவில்லை. கடைசியில் சீன கான்சல் ஜெனரல் என்று தெரிந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். ரோசன்பெர்க் குடும்பம் ஊரை விட்டுத் தப்பியது.

அண்ணன் மகளுக்கு நாளை வகுப்பு. இன்று ராத்திரி அவளுக்கு ரசம் வைத்துக் கொடுத்தேன். விடைபெறும்போது, "ஊர்ல போய் எல்லாருக்கும் சொல்லுங்க அத்தை, இந்த ஊர்ல நான் இதையெல்லாம் பார்க்கவே இல்லைன்னு" என்றாள்.

ஐந்தாம் நாள், விமானத்தில்

நேரடி விமானம், சுமார் பதினொரு மணி நேரம். அன்று விசா வாங்கித் தப்பியவர்களுக்கு ஏறக்குறைய நான்கு வாரம். ஜெனோவாவிலோ ட்ரியெஸ்டிலோ இத்தாலியக் கப்பலில் ஏறி, சூயஸ் தாண்டி, பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகப் போனார்கள். ஜெர்மன் பணம் பத்து மார்க்குக்கு மேல் கையில் எடுத்துப் போகக் கூடாது. கொழும்புத் துறைமுகத்தில் அந்தக் கப்பல் நின்ற நாளில் தேங்காயும் வாழைப்பழமும் விற்கப் படகில் வந்த நம் ஆட்கள் அவர்களைப் பார்த்திருப்பார்கள். மேலே நிற்பவர்கள் யார் என்று தெரிந்திருக்காது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அந்தக் கடல்வழியும் அடைந்தது. ஹோ அதற்கு ஒரு மாதம் முன்னால் வியன்னாவிலிருந்து மாற்றலாகிப் போயிருந்தார்.

அப்புறம் அவர் வாழ்க்கை தூதருடையது. 1947இலிருந்து 1956 வரை எகிப்தில். 1949இல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபோது அவர் தைவானுக்குப் போன பழைய அரசாங்கத்தின் பக்கமே நின்றார். 1956இல் எகிப்தின் தலைவர் நாசர் பெய்ஜிங்கின் கம்யூனிஸ்ட் அரசை அங்கீகரித்ததும் கெய்ரோ வேலை முடிந்தது. பிறகு மெக்சிகோ, பொலிவியா, கொலம்பியா. 1973இல் ஓய்வு. கிட்டத்தட்ட நாற்பது வருடம் உழைத்தவருக்கு ஓய்வூதியம் இல்லை என்று சொன்னார்கள். ஏதோ ஒரு சின்னச் செலவுத் தொகைக்குக் கணக்கு சரியில்லை என்று குற்றச்சாட்டு. அவர் மறுத்தார், பலனில்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் பிள்ளைகளோடு இருந்து, சீன லூத்தரன் தேவாலயம் ஒன்றை நிறுவியவர்களில் ஒருவராகி, 1990இல் சீன மொழியில் நினைவுக் குறிப்பு எழுதினார். விசா பற்றி அதில் கொஞ்சம்தான்.

வீட்டிலும் அதிகம் பேசவில்லை. 1997 செப்டம்பர் 28 அன்று 96 வயதில் இறந்தார். பத்திரிகையாளரான மகள் மன்லி ஹோ எழுதிய இரங்கல் குறிப்பில், யூத நண்பர்களைக் காக்கக் கெஸ்டபோவை அப்பா எதிர்த்து நின்றார் என்று ஒரு வரி இருந்தது. உயிர் காத்த தூதர்களைப் பற்றிக் கண்காட்சி நடத்தும் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தொடர்புகொண்டார். அதன் பிறகுதான் மகள் தேடத் தொடங்கினார். உலகம் முழுக்கப் பெட்டிகளுக்கும் அலமாரிகளுக்கும் உள்ளே இருந்த பழைய பாஸ்போர்ட்டுகள் வெளியே வந்தன. நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவைக் காக்கும் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம், யூதர்களைக் காத்த பிறருக்குத் தரும் நீதிமான் என்ற பட்டத்தை 2000இல் அவருக்குக் கொடுத்தது. எழுதிக் கொடுத்து அறுபத்திரண்டு வருடம் கழித்து.

ஆறாம் நாள், ஷாங்காய்

புடோங் விமான நிலையத்தில் கைரேகை, புகைப்படம், படிவம். என் பாஸ்போர்ட்டை நிதானமாகப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்தினார் அந்த இளம் அதிகாரி. இதே ஊரில்தான் ஒரு காலத்தில் யாரும் எதையும் கேட்கவில்லை.

சாயங்காலம் சுஜோ ஓடைக்கரைக்குப் போனேன். ஓடையின் வளைவோடு வளைந்து நீளும் பெரிய குடியிருப்புக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அந்தக் காலத்தில் விக்டர் சசூன் என்பவருடையது. பாக்தாத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, பம்பாயிலிருந்து ஷாங்காய்க்கு வந்த யூத வணிகக் குடும்பம். கப்பலில் வந்தவர்களை லாரியில் ஏற்றி முதலில் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். தரைத்தளத்தில் இப்போது கடைகள். சாமந்திப்பூ மாதிரி மஞ்சளாக இல்லாமல் அதைவிடச் சின்னப் பூ ஒன்று மரத்தில் பூத்திருந்தது, தெரு முழுக்க வாசனை. அக்டோபரில்தான் பூக்குமாம்.

ஏழாம் நாள், ஷாங்காய்

ஹோங்கோ பகுதி, சாங்யாங் சாலை 62. 1927இல் கட்டிய ஓஹெல் மோஷே யூதக் கோவில், இப்போது அகதிகள் அருங்காட்சியகம். ஐரோப்பாவிலிருந்து ஷாங்காய் வந்து சேர்ந்த யூதர்கள் சுமார் 20,000 பேர். எல்லாரும் ஹோவின் விசாவில் வந்தவர்கள் இல்லை, ஜெர்மனியிலிருந்து விசாவே இல்லாமல் வந்தவர்களும் நிறைய. முற்றத்துச் சுவரில் 2014இல் 13,732 பெயர்களைச் செம்பில் பொறித்தார்கள். பக்கத்து வளைவில் பழைய வியன்னாக் காபிக்கடை ஒன்றைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்தத் தெருக்களுக்கு "சின்ன வியன்னா" என்றே பெயர். ஜெர்மன் மொழிப் பத்திரிகைகூட நடத்தினார்கள்.

சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், தானக் கஞ்சி, வயிற்றுப்போக்கு. 1943இல் ஜப்பானியர்கள் அவர்கள் எல்லாரையும் இந்த ஒரு சதுர மைல் பகுதிக்குள் அடைத்தார்கள், அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போக முடியாது. அதே சந்துகளில் அதைவிட ஏழ்மையில் இருந்த சீனக் குடும்பங்கள் அவர்களோடு அடுப்பையும் குழாயையும் பகிர்ந்துகொண்டார்கள். 1945 ஜூலையில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் இரண்டு தரப்பிலும் ஆட்கள் செத்தார்கள். ஆனாலும் இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் போர் முடியும்போது உயிரோடு இருந்தார்கள்.

உள்ளே ஹோவுக்கென்று ஒரு பகுதி. கண்ணாடிக்கு அடியில் ஒரு விசா. நான் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கிறது. அவசரத்தில் குத்தினால் அப்படித்தான் விழும், எனக்குத் தெரியும். ஆனால் எண்ணையும் தேதியையும் எழுதிய கை அவசரப்படவில்லை. ஒரு எழுத்து பிசகினாலும் எல்லையில் நிறுத்திவிடுவார்கள் என்று தெரிந்தவர் எழுதியது அது.

என் பக்கத்தில் சீனத் தாத்தா ஒருவர் பேத்தியோடு நின்றிருந்தார். பேத்தி செல்போனில் மொழிபெயர்த்துக் கேட்டாள், நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று. இந்தியா, தமிழ்நாடு என்றேன். வியன்னாவிலிருந்து வருகிறேன் என்றும் சொன்னேன். தாத்தா ஏதோ சொன்னார், அவள் திரையை என்னிடம் காட்டினாள். தாத்தாவும் ஹூனான்காரர். ஹோவின் அஸ்தியை 2007இல் அவர் பிறந்த யியாங்குக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்களே, அந்தச் செய்தியை அப்போதே படித்தாராம். ஃபெங்-ஷான் என்றால் மலைமேல் இருக்கும் ஃபீனிக்ஸ் பறவை என்று விரலால் கண்ணாடியின் மேலே அந்த இரண்டு எழுத்தையும் எனக்கு எழுதிக் காட்டினார். மூன்று தடவை எழுதினார், நான் என் நோட்டில் பார்த்து வரைந்து முடிக்கும் வரை.